பதினோராவது விதி

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள், வீராப்பு காட்டாதே. என் பெண் வாலு முதல் நாள் உன் பள்ளிக்கு அழுதுகொண்டு போனாளா, ஆடிக்கொண்டு போனாளா?

எனக்கு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. பின்பக்கம், கொதிகலன் அறைக்கு அடுத்த கட்டடம். நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, கோட்டு. அழுக்கு மூட்டைகளை முதலில் எடை போட வேண்டும். அதற்கு இரண்டு பெரிய தட்டு தொங்கும் பழைய தராசு ஒன்று இருக்கிறது. ஒரு தட்டில் மூட்டை, மறு தட்டில் எடைக்கல். முதல் நாளே ஒரு கல்லைக் காலில் போட்டுக்கொண்டேன். பயப்படாதே, நகம்தான் கறுத்திருக்கிறது.

அறையில் என்னோடு ஆறு பேர். தொலைபேசி கீழே காவல்காரர் மேசையில் இருக்கிறது. பேசினால் பின்னால் வரிசை நிற்கும், நம் வீட்டுக் கதையை எல்லாரும் ரசித்துக் கேட்பார்கள். அதனால் கடிதம்தான்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. மூன்றாவது மாடியில் ரத்தம் பரிசோதிக்கிற அறை இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பதெல்லாம் பெண்பிள்ளைகள். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடிக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். அவர்களுடைய வெள்ளைக் கோட்டில் ஆளுக்கொரு எண் சிவப்பு நூலால் தைத்திருக்கும். அந்தக் கோட்டை மடிக்கும்போதெல்லாம் எனக்கு வாலு ஞாபகம்தான். அந்தப் படிப்பில் சேரப் பத்தாம் வகுப்பில் கணக்கு தேறியிருக்க வேண்டுமாம், விசாரித்துவிட்டேன். அவளுக்கோ கணக்கென்றால் வேப்பங்காய். ஆனால் கணக்கு டீச்சர் வீட்டிலேயே அவளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எனக்கென்ன கவலை?

வாலுவுக்கு முத்தம். உனக்குப் பாதி.

உன் தங்கை


ஜூன் 27

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நானும் அப்படியேதான் இருக்கிறேன். கறுத்த நகத்தை வெட்டாதே, தானாக விழட்டும்.

வாலு அழவும் இல்லை, ஆடவும் இல்லை. வந்த மறுநாளே என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசையில் தட்டி, "அங்க என்ன பேச்சு? கடைசி பெஞ்சு!" என்று என்னை மாதிரியே கத்திக் காட்டினாள். சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் நான் ஒருத்திதான். ஆகவே வாலு என் மாணவி. ஆகவே வீட்டில் அவளுக்கு நான் கணக்குச் சொல்லித்தர முடியாது. கூடுதல் உதவி பற்றியும் தனிப்பயிற்சி பற்றியும் எங்கள் பள்ளியில் விதிமுறைகள் இருக்கின்றன. நான்காவது விதி: எந்த ஆசிரியரும் தம் வகுப்பு மாணவருக்குப் பள்ளிக்கு வெளியே, கட்டணம் பெற்றோ பெறாமலோ, பாடம் நடத்தக் கூடாது; உறவினரும் இதில் அடங்குவர்.

இதை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருத்தி. உனக்கு ஞாபகம் இருக்கும், மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் அறிவியல் டீச்சர் தன் வீட்டுக்கு டியூஷன் வந்த பிள்ளைகளுக்கு மட்டும் பரீட்சைக் கேள்விகளைச் சொல்லிவிட்டு வேலையை இழந்தாள். அதற்குப் பிறகு வந்த விதிகள் இவை.

செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் கடைசி மணி அடித்த பிறகு ஒரு மணி நேரம் கூடுதல் உதவி வகுப்பு நடத்துகிறேன். எல்லாருக்கும் பொது. வாலுவும் அங்கே வந்து உட்காரட்டும். பள்ளியில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டினாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நகம் விழுந்துவிட்டது. புதிது முளைக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தை இஸ்திரி போடும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா டீச்சரா, போலீசா?" என்று கேட்டாள். நான் உனக்காகச் சண்டை போட்டேன். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது. ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே விளக்கு. அவள் ஒரு பக்கம் கணக்கைப் போட்டுக்கொண்டு விழிப்பாள். நீ மறுபக்கம் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவாய். அக்கா, இது எனக்குப் புரியவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது? சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க தப்பு, பாரு" என்று சொல்லக் கூடாதா?

உனக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்தவில்லை. ஆனால் யோசி.

தங்கை


ஆகஸ்ட் 21

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மழை விடாமல் பெய்கிறது, துணி காயவில்லை. இதை உன்னிடம் போய்ச் சொல்கிறேன் பார்.

முதல் பருவத் தேர்வில் வாலு நூற்றுக்கு இருபத்திரண்டு. மற்ற பாடங்களில் குறை இல்லை.

நீ யோசிக்கச் சொன்னாய். யோசிக்காமல் இல்லை. தேர்வுக்கு முந்தைய ஞாயிறு மத்தியானம் அவள் மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். சமன்பாட்டில் ஒரு பக்கத்தில் கூட்டலாக இருப்பது மறுபக்கம் போனதும் ஏன் கழித்தலாகிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஏழாம் வகுப்பிலிருந்து காரணம் தெரியாமலே குறியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. என்னைப் பார்த்து, "இது பரீட்சையில வருமா பெரியம்மா?" என்று கேட்டாள்.

வினாத்தாள் என் பைக்குள் இருந்தது. அதில் அது இருந்தது. நான் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் வினாத்தாளைச் சொன்னதாகிவிடும், எதைச் சொல்லாமல் விட்டாலும் அதுவும் சொன்னதாகிவிடும். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வகுப்பிலும் ஒருநாள் எழுந்து, "ஏன் டீச்சர் குறி மாறுது?" என்று கேட்டாள். கூடுதல் வகுப்பில் வந்து கேட்கச் சொன்னேன். அந்த வகுப்புக்கு ஒழுங்காக வருகிறாள்.

தனிப்பயிற்சி ஆசிரியர் வைப்பதற்கு விதிகளில் இடம் உண்டு. பள்ளி இன்னாரை வையுங்கள் என்று சொல்லக் கூடாது, மூன்று பெயர்களைத் தரலாம். முதலாமவர் ஓய்வுபெற்ற கணக்காளர். இரண்டாமவர் கல்லூரியில் படிக்கும் பெண். மூன்றாமவர் வீட்டுக்கே வந்து நடத்துவார். யார் நல்லவர் என்று என்னிடம் கேட்காதே, சொல்லக் கூடாது.

அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சரி. மூன்றாமவர். வீட்டுக்கு வருகிறார் என்றால் நீயும் வீட்டில் இருப்பாய், அது போதும் எனக்கு. அவருக்குக் கொடுப்பதற்காக ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை அறையில் உட்கார்ந்தால் வீட்டு நினைப்புதான் வரும்.

இன்று மூன்றாவது மாடிக்குப் போர்வை கொண்டுபோனேன். ஜன்னலோரப் பெண் ஒருத்தியிடம், "என் மகளும் இந்தப் படிப்புக்குத்தான் வரப்போறா" என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை. "வரட்டும்மா, இங்க எப்பவும் ஆள் பத்தல" என்றாள். நல்ல பெண்.

வாலு எனக்கு எழுதும் கடிதம் குறைந்துகொண்டே வருகிறது. போன கடிதத்தில் உன்னை "டீச்சர்" என்று எழுதியிருந்தாள். பழக்கதோஷம் போலிருக்கிறது.

கால் வலிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

தங்கை


நவம்பர் 4

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நோட்டுத் திருத்தும் வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

டியூஷன் மாஸ்டர் திங்கள், புதன், வெள்ளி வருகிறார். சுத்தமான சட்டை, நிறைய வாசனை. முன்னறை மேசையில் நடத்துகிறார். நான் அடுப்படியில் இருப்பேன். கதவு கிடையாது, எல்லாம் காதில் விழும். "ஏன் எதுக்குன்னு கேக்காதே. அந்தப் பக்கம் போனா மாறும், அவ்வளவுதான். மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணு" என்கிறார். கையில் இருக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிடுவேன். பிறகு மறுபடி எடுத்து நறுக்குவேன். பள்ளியின் ஆசிரியர் தனிப்பயிற்சி ஆசிரியரின் வேலையில் தலையிடக் கூடாது என்பது எட்டாவது விதி.

இரண்டாம் பருவத்தில் முப்பத்தெட்டு வாங்கியிருக்கிறாள். கூடியிருக்கிறது.

இப்போது செயல்முறைக் குறிப்பேடு எழுதும் நேரம். தண்ணீர்த்தொட்டி நிரம்பும் வேகத்தை அளந்து வரைபடம் போட வேண்டும். இருபத்தைந்து மதிப்பெண். ஆண்டிறுதியில் எழுத்துத் தேர்வின் எழுபத்தைந்தோடு சேரும். எல்லாரும் எழுதுகிறார்கள், அவளும் எழுதுகிறாள்.

வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். மறக்காமல் இருப்பதற்காக என்று சொன்னாள். மூக்குக்கண்ணாடி விளையாட்டை விட்டுவிட்டாள்.

எல்லாம் சரியாகத்தான் போகிறது. கவலைப்படாதே.

அக்கா


ஜனவரி 8

அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. உனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, வரிசையில் நின்று தொலைபேசியில் பேசினேன். வாலு எடுத்தாள். "டீச்சர் நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். உடனே வைத்துவிட்டாள்.

நேற்று கடிதம் வந்தது. உன்னுடையது இல்லை, பள்ளியினுடையது. அச்சடித்த தாள். "தங்கள் மகளின் செயல்முறைக் குறிப்பேட்டில் தனிப்பயிற்சி ஆசிரியரின் கையெழுத்து காணப்படுவதால், விதி ஒன்பதின்படி அக்குறிப்பேடு ஏற்கப்படவில்லை. மதிப்பெண்: பூஜ்யம்." அதற்குக் கீழே: "கண்டறிந்து தெரிவித்தவர், பாட ஆசிரியை." அதற்குக் கீழே கையெழுத்து.

அக்கா, நாலு வயதில் என் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவள் நீ. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அந்தத் தாளை நான் மடித்த கோட்டுகளுக்கு நடுவே வைத்து மூன்று முறை படித்தேன். நீ இதைச் செய்தாய் என்பதைவிட, செய்துவிட்டு எனக்கு எழுதாமல் இருந்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுது. ஏதாவது எழுது.

தங்கை


ஜனவரி 25

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். அவளும் நலம்.

குறிப்பேட்டின் நான்கு பக்கங்கள் அந்த மனிதரே எழுதியவை. அவர் ஏழு என்ற எண்ணை எழுதினால் நடுவில் ஒரு கோடு கிழிப்பார். நான் அதை என் வீட்டு மேசையில் பார்த்திருக்கிறேன். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது என்பது உண்மைதான். எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க என்னால் முடியாது. போன வருஷம் இதே காரணத்துக்காக இரண்டு பிள்ளைகளின் குறிப்பேட்டைத் தள்ளியிருக்கிறேன். அவர்களுக்கும் அம்மா இருக்கிறாள்.

அவளிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "நீங்க சொல்லித்தர மாட்டீங்க. அவரு எழுதித் தந்தாரு" என்றாள். அந்த மாஸ்டரை நிறுத்திவிட்டேன்.

எழுத்துத் தேர்வில் எழுபத்தைந்துக்கு முப்பத்தைந்து எடுத்தால் தேறிவிடலாம். முடியாதது இல்லை.

அக்கா


ஏப்ரல் 20

தங்கைக்கு,

நீ பதில் போடாதது சரிதான். நான் எழுத வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

முடிவு வந்துவிட்டது. கணக்கில் இருபத்தொன்பது. ஆறு குறைவு. மற்ற எல்லாவற்றிலும் தேறியிருக்கிறாள்.

எங்கள் பள்ளியில் மறுதேர்வு கிடையாது. மறுபடி ஒரு வருஷம் இதே வகுப்பில் படிக்கலாம் என்று சொன்னேன். "அதே டீச்சர்தானே?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரி கேட்டாள். பிறகு அவளே, "நான் அம்மாகிட்ட போறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் ஏற்றிவிடுகிறேன். முன் இருக்கையில் உட்காரவைக்கச் சொல்லி ஓட்டுநரிடம் பேசிவிட்டேன். துணியெல்லாம் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பச்சைச் சட்டையின் பொத்தானை மாற்றியிருக்கிறேன். இரண்டு வேளைக்குச் சாப்பாடு கட்டித் தருகிறேன். அவளுக்கு வயிறு சரியில்லை, கொஞ்ச நாளாக ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அங்கே வந்தால் சாப்பிடுவாள்.

அக்கா


மே 22

டீச்சர் அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு கேள்விக்காக எழுதுகிறேன்.

என் மகளுக்குப் போன மாதம் பதினாறு முடிந்தது. இந்த மாதம் முதல் மடிக்கும் பிரிவில் என் பக்கத்தில் நிற்கிறாள். மேற்பார்வையாளர் நல்ல மனிதர், சேர்த்துக்கொண்டார். நான்கு மூலையும் சரியாக மடிக்கிறாள். பேச்சு கிடையாது. வாலு என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறேன் என்பது மாதிரி பார்க்கிறாள். மூன்றாவது மாடிக்குப் போர்வை கொண்டுபோகும் வேலையை நான் வேறொருத்திக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். அந்த ஜன்னலோரப் பெண் கேட்டால் என்ன சொல்வேன்?

நேற்று அவள் பெட்டியின் அடியில் விரித்திருந்த தாள்களை எடுத்தேன். உங்கள் பள்ளியின் விதிமுறைப் புத்தகம். நீங்கள் எழுதியது. நான்காவது விதியைப் படித்தேன், நீங்கள் சொன்னபடியே இருந்தது. எட்டு, ஒன்பது எல்லாம் இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பதினோராவது விதி இருந்தது. உங்களுக்கு மறந்திருந்தால் அப்படியே எழுதுகிறேன்:

"ஆசிரியருடன் ஒரே வீட்டில் வசிக்கும் உறவுக் குழந்தைக்கு அவர் பாடம் சொல்லித்தர விரும்பினால், தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். அக்குழந்தைக்கான வினாத்தாளைத் தயாரிப்பதும் திருத்துவதும் வேறொருவரிடம் ஒப்படைக்கப்படும்."

ஒரு தாள். ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். மற்ற விதிகளையெல்லாம் எண் போட்டு எனக்கு எழுதினீர்கள். இதை ஏன் எழுதவில்லை?

இப்படிக்கு,
முன்னாள் மாணவியின் தாய்


ஜூன் 10

என் தங்கைக்கு,

நீ என்னை "நீங்கள்" என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கடிதத்தைத் தொடவில்லை. எனக்கு வேண்டியதுதான்.

எனக்கு மறக்கவில்லை. பதினோராவது விதியைச் சேர்க்கச் சொன்னது தலைமையாசிரியை. நான் வேண்டாம் என்று வாதாடினேன். கடைசியில் பின்பக்கத்தில் போட்டோம். ஜூலை மாதம், வாலு வந்த புதிதில், அவரே என் மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, "நாலு வரி எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன். யாரும் தப்பா சொல்லமாட்டாங்க" என்றார். நான், "வேண்டாம் மேடம், எல்லாருக்கும் இருக்கறது எங்க வீட்டுப் பொண்ணுக்கும் இருக்கட்டும்" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அறிவியல் டீச்சரைப் பற்றி எழுதினேனே. அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது நான்தான் என்று உனக்குச் சொன்னதில்லை. பதினாறு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். தன் மேசையைக் காலி செய்துகொண்டு போகும்போது அவள் என்னிடம் நின்று, "உங்க வீட்டுப் பிள்ளைன்னு வரட்டும், அப்ப பாக்கறேன்" என்றாள். மூன்று வருஷமாக அந்த ஒரு பேச்சு என் காதைவிட்டுப் போகவில்லை. பிறகு நம் வீட்டுப் பிள்ளை வந்தாள். நான் அந்த டீச்சருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கோ இருக்கிற, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஒருத்திக்கு.

இன்னொன்றும் உண்டு. இதை நீ எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது. கூடுதல் உதவி வகுப்புக்கு முப்பது பிள்ளைகள் வருவார்கள். பெயர்ப் பட்டியல் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். நம் பிள்ளைக்கு முதலிடம் கொடுத்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவள் பெயரைக் கடைசியில் எழுதினேன். அவள் முறை வருவதற்குள் ஒரு மணி நேரம் முடிந்துவிடும். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட அவள் முறை வரவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மணி அடித்ததும் மூடுவாள். நாங்கள் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம். வழியில் அவள் என்னிடம் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை. "ஒழுங்காக வருகிறாள்" என்று மட்டும் உனக்கு எழுதினேன். அது பொய் இல்லை, அதனால் இன்னும் மோசம்.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். ஒரே ஒரு வேலை செய். இத்துடன் இருக்கும் தாளை அவளிடம் கொடு. இப்போது அவள் என் மாணவி இல்லை, எந்த விதியும் எங்களுக்கு நடுவே இல்லை.

அக்கா

வாலுவுக்கு,

உங்கள் கூடத்தில் ஒரு தராசு இருப்பதாக அம்மா எழுதியிருந்தாள். அதன் முன்னால் போய் நில். இடத் தட்டில் ஒரே எடையுள்ள மூன்று மூட்டைகளும் ஒரு நான்கு கிலோ கல்லும் இருக்கின்றன. வலத் தட்டில் பத்தொன்பது கிலோ கல். தராசு நேராக நிற்கிறது. ஒரு மூட்டை எவ்வளவு?

இடப்பக்கம் இருக்கும் நான்கு கிலோவை எடுத்துவிடு. என்ன ஆகும்? வலப்பக்கம் தாழ்ந்துவிடும். மறுபடி நேராக நிற்க, வலப்பக்கத்திலிருந்தும் நான்கு கிலோவை எடுக்க வேண்டும். இப்போது மூன்று மூட்டை, பதினைந்து கிலோ. ஒரு மூட்டை ஐந்து.

எதுவும் அந்தப் பக்கம் தாவிப் போகவில்லை. எதுவும் மந்திரத்தால் மாறவில்லை. இங்கே கூட்டியிருந்ததை இரண்டு பக்கமும் கழித்தாய். இங்கே அது காணாமல் போகிறது, அங்கே கழித்தலாகத் தெரிகிறது. குறி மாறுவது போலத் தோன்றுவது அதனால்தான். நீ அன்று வகுப்பில் எழுந்து கேட்டது சரியான கேள்வி.

கீழே ஐந்து கணக்கு எழுதியிருக்கிறேன். போட்டுப் பார்.

பெரியம்மா


ஜூலை 2

பெரியம்மாவுக்கு,

நான் நலம், அம்மாவும் நலம். அம்மாவுக்குக் கையில் கொப்புளம் வந்தது, ஆறிவிட்டது. உங்கள் முழங்காலைப் பற்றி அம்மா கேட்கச் சொல்லவில்லை. ஆனால் நான் இதை எழுத உட்காரும்போது, "காலைப் பத்தி ஒரு வரி எழுது" என்றாள். எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. அம்மா படித்துவிட்டு அதை மடித்து வைத்தாள். தாளை மட்டும் என்னிடம் கொடுத்தாள். நான் நான்கு நாள் பிரிக்காமல் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். பிறகு மத்தியான இடைவேளையில் தராசின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். மூட்டைகளை வைத்தும் பார்த்தேன். இஸ்திரி போடும் அக்கா, "என்னடி விளையாட்டு?" என்றாள்.

ஐந்து கணக்கும் போட்டுவிட்டேன், பின்பக்கம் இருக்கிறது. இடைவேளை முடிவதற்குள் முடிந்துவிட்டது. ஆறாவதாக ஒன்றை நானே எழுதிப் போட்டிருக்கிறேன். அதுவும் சரியாகத்தான் வருகிறது என்று நினைக்கிறேன். தராசில் வைத்துச் சரிபார்த்தேன்.

அன்று சாயங்காலமே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு இங்கே இருக்கும் பள்ளிக்குப் போனாள். சேர்க்கை பதினைந்தாம் தேதியோடு முடிந்துவிட்டதாம். அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். திரும்பி வரும்போது அம்மா வழியெல்லாம் அழுதாள். நான் அழவில்லை.

இன்று மூன்றாவது மாடிக் கோட்டுகள் என்னிடம் வந்தன. நாற்பது இருந்தது. எண் வெளியே தெரிகிற மாதிரி மடிக்க வேண்டும், அது எனக்கு இப்போது நன்றாக வருகிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வருஷம் முழுக்க நான் என்னை மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னவோ பெரிய விஷயம், என் தலையில் ஏறாது, அதனால்தான் நீங்களும் சொல்லவில்லை என்று நினைத்தேன். நீங்கள் எழுதியது அரைப் பக்கம்கூட இல்லை.

இவ்வளவுதானா, பெரியம்மா?

வாலு